அமெரிக்காவில் நகரும் வீட்டு உரிமையாளர்களின் சட்ட உரிமைகள்: ஒரு வரலாறு

நகரும் வீடு என்பது தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்டு, சக்கரங்கள் பூட்டிய இரும்புச் சட்டத்தின்மேல் இழுத்துவரப்பட்டு, ஓரிடத்தில் நிறுத்தப்படும் குடியிருப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் தொழிற்சாலையில் செய்த இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். இவர்களுள் பலர் வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள். ஆனால் வீடு நிற்கும் நிலம் வேறொருவருடையது. நூறு, இருநூறு வீடுகள் வரிசையாக நிற்கும் வளாகம் ஒன்றில் ஆளுக்கொரு மனையைப் பெற்று, அதற்கு மாதந்தோறும் வாடகை கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் கோயில் நிலத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை செலுத்துவோரை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். இக்கட்டுரையிலும் அந்த வாடகை அடிமனை வாடகை என்றே குறிக்கப்படுகிறது.

வீடு ஒருவருக்கும் நிலம் மற்றொருவருக்கும் உரியதாக இருக்கும்போது, வீட்டுக்காரரின் சொத்து மூன்று வழிகளில் கரையக்கூடும். நில உரிமையாளர் அவரை வெளியேற்றலாம், அடிமனை வாடகையை ஏற்றிக்கொண்டே போகலாம், வளாகத்தையே மூடிவிடலாம். கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டன. இந்த வரலாற்றில் கலிபோர்னியா மாநிலம் முக்கிய இடம் பெறுகிறது. நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் அங்கிருந்தே தோன்றியது.

இழுவண்டி வீடானது

1920களில் மோட்டார் வாகனம் வைத்திருந்த அமெரிக்கர்கள் விடுமுறைப் பயணத்துக்காகச் சிறு இழுவண்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வீடிழந்த பலர் அவற்றிலேயே குடியேறினர். இரண்டாம் உலகப் போரின்போது போர்த்தளவாடத் தொழிற்சாலைகளுக்குத் திரண்டுவந்த தொழிலாளர்களைத் தங்கவைக்க, கூட்டாட்சி அரசே ஆயிரக்கணக்கான இழுவண்டிகளை வாங்கியது. போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது ஏற்பட்ட வீட்டுப் பஞ்சத்தில் இழுவண்டி பலருக்கு நிரந்தரக் குடியிருப்பாயிற்று.

நெடுஞ்சாலையில் தடையின்றி இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததால் அவ்வண்டிகளின் அகலம் 8 அடியாகவே இருந்தது. 1950களின் நடுவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரே என்னும் உற்பத்தியாளர் 10 அடி அகல வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 'நகரும் வீடு' என்ற பெயரும் அவர் சூட்டியதாகவே கூறப்படுகிறது. பெயரில் நகர்ச்சி இருந்தபோதிலும், இந்த மாற்றத்தால் வீடு நகர்வது அரிதாகிவிட்டது. 10 அடி அகல வீட்டைத் தம் காரில் பூட்டி இழுத்துச் செல்ல முடியாது. சிறப்பு அனுமதியும் கனரக வண்டியும் தேவை. வீட்டின் அளவு வளர வளர, ஒருமுறை நிறுத்திய இடத்திலேயே அது நின்றுவிட்டது.

நிறுத்துவதற்கான இடமும் எளிதில் கிடைக்கவில்லை. நகரத்தின் எந்தப் பகுதியில் எவ்வகைக் கட்டடம் வரலாம் என்று உள்ளாட்சிகள் வரையறுப்பது செல்லும் என 1926ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு பல நகரங்கள் நகரும் வீடுகளைக் குடியிருப்புப் பகுதிகளில் அனுமதிக்க மறுத்தன. வளாகங்கள் நெடுஞ்சாலை ஓரங்களுக்கும் தொழிற்சாலைப் பகுதிகளுக்கும் தள்ளப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நகரும் வீடுகள் உற்பத்தியாயின. வீடுகள் பெருகிய வேகத்தில் மனைகள் பெருகவில்லை. வளாக உரிமையாளரின் கை ஓங்கியதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இவ்வீடுகளின் கட்டுமானத்துக்கும் பாதுகாப்புக்கும் நாடு முழுவதற்குமான சட்டம் இயற்றியது. அதன் தர விதிகள் 15 ஜூன் 1976 முதல் நடைமுறைக்கு வந்தன. சுவர், மின்கம்பி, தீத்தடுப்பு ஆகியவை பற்றி அந்த விதிகள் விரிவாகப் பேசின. வீட்டுக்காரருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையிலான உறவு மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டது.

முப்பது நாள் கெடு

மாநிலச் சட்டங்கள் வருமுன், நகரும் வீட்டுக்காரர் சட்டத்தின் பார்வையில் சாதாரண மாத வாடகைதாரர் மட்டுமே. வழக்கமான வாடகைச் சட்டப்படி, காரணம் எதுவும் கூறாமல் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து அவரை வெளியேற்ற முடிந்தது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் அத்தகைய அறிவிப்பு வந்தால் மூட்டை முடிச்சுகளுடன் கிளம்பலாம். நகரும் வீட்டுக்காரரோ வீட்டையே பெயர்த்துச் செல்ல வேண்டும். குழாய், மின் இணைப்புகளைத் துண்டித்து, முகப்புத் திண்ணையையும் கூரை நீட்டிப்புகளையும் கழற்றி, வீட்டை இரண்டாகப் பிரித்து ஏற்றிச் செல்லும் செலவு பல ஆயிரம் டாலர். பழைய வீட்டை வேறு வளாகம் ஏற்பதும் அரிது. வெளியேற்ற அறிவிப்பு என்பது நடைமுறையில் வீட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் கட்டளையாக அமைந்தது. அதை வாங்கக் காத்திருந்தவர் பல நேரங்களில் வளாக உரிமையாளரே.

இந்த அதிகாரம் பலவகைக் கட்டணங்களாகவும் வெளிப்பட்டது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணம், வீட்டை விற்றால் கட்டணம் என வசூலிக்கப்பட்டது. தாம் சுட்டும் வணிகரிடம் வீடு வாங்கினால்தான் மனை கிடைக்கும் என்று நிபந்தனை விதித்த வளாகங்களும் இருந்தன. எதிர்த்துக் கேட்டவர்களுக்கு முப்பது நாள் அறிவிப்புக் காத்திருந்தது.

இந்நிலையில் வீட்டுக்காரர்கள் சங்கம் அமைக்கத் தொடங்கினர். கலிபோர்னியாவில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோல்டன் ஸ்டேட் நகரும் வீட்டு உரிமையாளர் சங்கம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஓய்வூதியர்கள் மிகுந்த ஃபுளோரிடாவிலும் இதே கோரிக்கை எழுந்தது. வெளியேற்றத்துக்கான காரணங்களை வரையறுத்த சட்டம் செல்லும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

1978ஆம் ஆண்டுச் சட்டம்

கலிபோர்னியாவில் அதுவரை சிதறிக்கிடந்த விதிகள் 1978ஆம் ஆண்டில் நகரும் வீட்டுக் குடியிருப்புச் சட்டம் என்ற பெயரில் ஒன்றுசேர்க்கப்பட்டன. மாநில உரிமையியல் சட்டத் தொகுப்பில் 798ஆம் பிரிவு முதல் இச்சட்டம் அமைந்துள்ளது. வீட்டைப் பெயர்க்க ஆகும் பெருஞ்செலவு, பெயர்க்கும்போது நேரும் சேதம் ஆகியவற்றால் இவ்வீட்டுக்காரர்களுக்குத் தனிப் பாதுகாப்புத் தேவை என்று சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. இப்போது நடைமுறையில் உள்ள வடிவில் அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

• வளாக உரிமையாளர் சட்டம் பட்டியலிடும் காரணங்களுக்காக மட்டுமே குடியிருப்பவரை வெளியேற்றலாம். வாடகை செலுத்தாமை, வளாகத்தின் நியாயமான விதிகளை மீறுதல், பிறருக்குப் பெருந்தொல்லை தருதல், வளாகத்தின் நிலப் பயன்பாடு மாறுதல் ஆகியவை அவற்றுள் சில.
• காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். விதிமீறல் என்றால் அதைச் சரிசெய்ய முதலில் 7 நாள் வாய்ப்பளிக்க வேண்டும்.
• அடிமனை வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்புத் தேவை.
• வீட்டுக்காரர் தம் வீட்டை நின்ற இடத்திலேயே விற்கலாம். மிகப் பழையதும் தரம் குறைந்ததுமான வீடுகள் போன்ற சில நிலைகளில் மட்டுமே விற்பனையின்போது அகற்றச் சொல்ல முடியும்.
• வாங்குபவரால் வாடகை செலுத்த இயலாது, அல்லது அவர் வளாக விதிகளுக்குக் கட்டுப்படமாட்டார் என்பதற்கு நியாயமான அடிப்படை இருந்தாலன்றி உரிமையாளர் அவரை மறுக்கக் கூடாது.
• குடியிருப்போர் வளாகத்துக்குள் கூட்டம் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை உண்டு.

இச்சட்டம் முதல் வழியைப் பெருமளவு அடைத்தது. எனினும் அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு நெடுங்காலம் குடியிருப்பவர் தலையிலேயே இருந்தது. உரிமை மீறப்பட்டால் அவரே வழக்குத் தொடுக்க வேண்டும். வழக்கறிஞருக்குச் செலவிட முடியாதவருக்குச் சட்டம் ஏட்டளவில் நின்றது. 2018ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, மாநில வீட்டுவசதித் துறை 1 ஜூலை 2020 முதல் இத்தகைய முறையீடுகளைப் பெற்று, தேர்ந்தெடுத்தவற்றைச் சட்ட உதவி அமைப்புகளுக்கு அனுப்பி வருகிறது. இதற்கான செலவு ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 10 டாலர் வரை வசூலிக்கப்படும் கட்டணத்தால் ஈடுசெய்யப்பட்டது.

வாடகைக் கட்டுப்பாடும் எஸ்கொண்டிடோ வழக்கும்

1978ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையின் அளவுக்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. காரணமின்றி வெளியேற்ற முடியாத ஒருவரை, கட்ட முடியாத வாடகையைக் கொண்டு வெளியேற்றலாம். வாடகை ஏறும்போதெல்லாம் வீட்டின் விற்பனை விலையும் சரிந்தது. கூடுதல் அடிமனை வாடகை கட்ட வேண்டிய வீட்டுக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

எனவே கலிபோர்னியாவின் பல நகரங்கள் அடிமனை வாடகைக்குக் கட்டுப்பாடு விதித்தன. எஸ்கொண்டிடோ நகர வாக்காளர்கள் 1988ஆம் ஆண்டில் 'முன்மொழிவு கே' என்ற நகர விதியை வாக்களித்து நிறைவேற்றினர். அதன்படி அடிமனை வாடகைகள் 1986ஆம் ஆண்டின் அளவுக்குக் குறைக்கப்பட்டன. அதன்பின் நகர மன்றத்தின் ஒப்புதலின்றி வாடகையை உயர்த்த இயலாது.

அந்நகரில் இரண்டு வளாகங்களை வைத்திருந்த யீ தம்பதியர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்ற அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தமே அவர்களின் பிடிமானம். மாநிலச் சட்டப்படி குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. அவர் வீட்டை விற்றால் வாங்கியவரையும் ஏற்றாக வேண்டும். நகர விதிப்படி வாடகையையும் உயர்த்த முடியாது. இம்மூன்றும் சேர்ந்தால், குறைந்த வாடகையில் என்றென்றும் நிலத்தில் இருக்கும் உரிமை குடியிருப்பவருக்குப் போய்விடுகிறது என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்தில் ஓர் உண்மை இருந்தது. எடுத்துக்காட்டாக, தனித்து நோக்கினால் 20,000 டாலர் பெறும் வீடு, கட்டுப்படுத்தப்பட்ட மனையில் நிற்பதால் 50,000 டாலருக்கு விற்கக்கூடும். அந்த 30,000 டாலர் குறைந்த அடிமனை வாடகையின் விலை. அதை வீட்டை விற்பவர் பெறுகிறார். புதிதாக வருபவர் வாடகையில் மிச்சப்படுத்துவதை வீட்டு விலையாக முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார். இந்த அடிப்படையில், இதே போன்ற கட்டுப்பாடு நிலத்தைப் பறிப்பதாகலாம் என்று ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986ஆம் ஆண்டில் சாண்டா பார்பரா நகர வழக்கில் ஏற்றிருந்தது.

யீ எதிர் எஸ்கொண்டிடோ நகரம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1 ஏப்ரல் 1992 அன்று நகரத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி சான்ட்ரா டே ஓகானர் தீர்ப்பை எழுதினார். நூற்றில் சுமார் ஒரு நகரும் வீடு மட்டுமே நிறுத்திய இடத்தைவிட்டு மீண்டும் நகர்த்தப்படுகிறது என்பதைத் தீர்ப்பு தொடக்கத்திலேயே பதிவு செய்தது. சொத்தை ஆக்கிரமித்ததாகக் கொள்ள வேண்டுமானால், அந்நியர் ஒருவரை உரிமையாளர் தம் நிலத்தில் வைத்திருக்குமாறு அரசு வற்புறுத்தியிருக்க வேண்டும். யீ தம்பதியரோ தாமே விரும்பி நிலத்தை வாடகைக்கு விட்டவர்கள். மேலும், 6 அல்லது 12 மாத அறிவிப்புக் கொடுத்து நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே இது ஆக்கிரமிப்பு அன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

கட்டுப்பாடு மிகையானதா, அதனால் வேறு வகையில் இழப்பீடு தர வேண்டுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. அக்கேள்வி பின்னர் கொலீட்டா நகர வழக்கில் எழுந்தது. கட்டுப்பாடு நடப்பில் இருந்தபோதே 1997ஆம் ஆண்டில் வளாகத்தை வாங்கியவர்கள் அதனால் இழப்பு நேர்ந்ததாகக் கூற முடியாது என்று 2010ஆம் ஆண்டில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு தீர்ப்பளித்தது. கட்டுப்பாட்டைக் கணக்கிட்டே அவர்கள் விலை கொடுத்திருப்பார்கள் என்பது அதன் தருக்கம்.

வாக்குச்சாவடியிலும் சட்டமன்றத்திலும்

நீதிமன்றத்தில் கிடைக்காததை வாக்குச்சாவடியில் பெறவும் வளாக உரிமையாளர்கள் முயன்றனர். நகரும் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்க முனைந்த 199ஆம் முன்மொழிவை 1996ஆம் ஆண்டில் கலிபோர்னிய வாக்காளர்கள் நிராகரித்தனர். எல்லா வாடகைக் கட்டுப்பாடுகளையும் ஒழிக்கக் கோரிய 98ஆம் முன்மொழிவும் 2008ஆம் ஆண்டில் தோற்றது. இடையே 1995ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம், அடுக்குமாடி வீடு காலியானதும் புது வாடகையை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று சட்டம் இயற்றியபோது, அச்சட்டம் நகரும் வீட்டு மனைகளைத் தொடவில்லை.

வேறொரு வழியும் முயலப்பட்டது. வளாகத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் திட்டத்தை அறிவித்தால், முதல் மனை விற்றதுமே உள்ளூர் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி மாநில விதிகள் நடைமுறைக்கு வரும். குடியிருப்போர் மனையை வாங்குவதற்காக ஏற்பட்ட இவ்விதி, வாங்க விரும்பாதோர் மீதும் கட்டுப்பாட்டை நீக்கும் கருவியாகியது. குடியிருப்போரின் ஆதரவைக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டிலும், பெரும்பான்மையினர் ஆதரிக்காவிட்டால் உள்ளாட்சி மறுக்கலாம் என்று 2013ஆம் ஆண்டிலும் சட்டம் திருத்தப்பட்டது.

வளாகத்தை மூடும் உரிமை

எஸ்கொண்டிடோ தீர்ப்பை ஊன்றிப் படித்தால் ஒரு முரண் தென்படும். வாடகைக் கட்டுப்பாடு செல்லும் என்பதற்கு நீதிமன்றம் காட்டிய காரணங்களுள் ஒன்று, உரிமையாளர் விரும்பினால் வளாகத்தை மூடிவிடலாம் என்பது. இரண்டாம் வழியை அடைத்த தீர்ப்பு, மூன்றாம் வழி திறந்திருப்பதைத் தன் தூண்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. நகரங்கள் விரிந்து, ஒரு காலத்தில் ஊரின் ஓரமாக இருந்த வளாகம் விலையுயர்ந்த நிலமாக மாறியபோது அந்த வழியின் ஆபத்து வெளிப்பட்டது.

பாலோ ஆல்டோ நகரில் நடந்தது இதற்குச் சான்று. சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே உள்ள இந்நகரில் இருந்த ஒரே நகரும் வீட்டு வளாகம் புவனா விஸ்டா. நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் சுமார் 400 பேர் அங்கு வாழ்ந்தனர். பெரும்பாலோர் குறைந்த வருவாய் கொண்ட லத்தீன் அமெரிக்க வழியினர். 2012ஆம் ஆண்டில் உரிமையாளர் வளாகத்தை மூட விண்ணப்பித்தார். இடம்பெயர்வோருக்கான இழப்பீட்டை வரையறுத்து 2015ஆம் ஆண்டில் நகர மன்றம் மூடலுக்கு ஒப்புதல் அளித்தது. சட்டப்படி உரிமையாளருக்கு அந்த உரிமை இருந்தது. குடியிருப்போரின் எதிர்ப்புத் தொடர, 2017ஆம் ஆண்டில் சாண்டா கிளாரா மாவட்ட வீட்டுவசதி ஆணையம் பொதுநிதியிலிருந்து சுமார் 4 கோடி டாலர் கொடுத்து வளாகத்தை வாங்கியது. குடியிருப்போரின் வீடுகள் தப்பின. அவற்றைக் காத்தது சட்ட உரிமை அன்று. அரசு தந்த விலை.

வளாகம் மூடப்பட்டால் இடம்பெயர்வோருக்கு நேரும் பாதிப்பை உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும் என்று உள்ளாட்சிகள் கோரும் அதிகாரம் கலிபோர்னியச் சட்டத்தில் 1980களிலிருந்தே இருந்தது. ஆனால் அது 'நியாயமான இடப்பெயர்வுச் செலவு' என்ற வரம்புக்கு உட்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், வேறு வளாகத்தில் தக்க இடம் கிடைக்காதவருக்கு, வீடு நின்ற இடத்தில் பெறும் சந்தை விலையையே தர வேண்டும் என்று மாற்றியது. வளாகம் திறந்திருக்கும்போது அந்த வீட்டுக்கு இருந்த மதிப்பு அவருடையதே என்பதைச் சட்டம் அப்போதுதான் தெளிவாக ஏற்றது.

நிலத்தை வாங்குதல்

நாட்டின் மறு கோடியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வேறொரு பாதையைக் காட்டியது. 1984ஆம் ஆண்டில் மெரிடித் என்ற ஊரில் 13 குடும்பங்கள் கொண்ட வளாகம் விற்பனைக்கு வந்தது. குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த சமூகக் கடன் நிதியத்திடம் கடன் பெற்று நிலத்தை வாங்கினர். சங்கத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு. அடிமனை வாடகை தொடர்ந்தது. ஆனால் அதன் அளவை உறுப்பினர்களே முடிவு செய்தனர். அந்த வாடகையிலிருந்து கடன் அடைக்கப்பட்டது.

அம்மாநிலச் சட்டப்படி, வளாகத்தை விற்க முனைபவர் குடியிருப்போருக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தந்து, அவர்கள் வாங்க முன்வந்தால் நல்லெண்ணத்துடன் பேச வேண்டும். இந்த முறையைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுசெல்ல 2008ஆம் ஆண்டில் ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ. என்ற இலாப நோக்கற்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அதன் இணையத்தில் 300க்கும் மேற்பட்ட வளாகங்கள் குடியிருப்போரின் கூட்டுடைமையாக உள்ளன.

இந்த வழிக்கும் எல்லைகள் உண்டு. நிலவிலை உயர்ந்த நகரங்களில் குடியிருப்போர் அந்த அளவுக்குக் கடன் தாங்க இயலாது. பெரும் முதலீட்டு நிறுவனங்கள் வளாகங்களை வாங்கத் தொடங்கியபின் போட்டியும் கடுமையானது. அந்நிறுவனங்கள் சில நாள்களில் விலை பேசி முடிக்கும். குடியிருப்போர் கூட்டம் கூடி, சங்கம் பதிந்து, கடன் பெற மாதங்கள் ஆகும். அறிவிப்புக் காலமோ முதல் வாங்குரிமையோ இல்லாத மாநிலங்களில், வளாகம் கைமாறிய செய்தியே குடியிருப்போருக்குப் புதிய உரிமையாளரின் வாடகை உயர்வு அறிவிப்பின் மூலம்தான் வந்து சேர்கிறது.

இன்றைய நிலை

நகரும் வீட்டுக்காரரின் உரிமை இன்றும் அவர் எந்த மாநிலத்தில் வாழ்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. வெளியேற்றத்துக்குக் காரணம் கேட்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் உள்ளன. வாடகைக்கு வரம்பு விதிக்கும் இடங்கள் அவற்றைவிடக் குறைவு. மூடலின்போது வீட்டின் முழு மதிப்பையும் தர வேண்டும் என்று கூறும் விதி மிக அரிது. வளாக உரிமையாளருடன் தகராறில் இருப்பவர் முதலில் அறிய வேண்டியவை, தம் மாநிலத்தில் இம்மூன்றில் எது காக்கப்பட்டுள்ளது என்பதும், தாம் கையெழுத்திட்ட குத்தகை அந்தப் பாதுகாப்பைக் குறைக்கிறதா என்பதும் ஆகும். கலிபோர்னியாவிலேயே, 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையில் கையெழுத்திட்டவர்கள் உள்ளூர் வாடகைக் கட்டுப்பாட்டின் பயனை நெடுங்காலம் இழந்து நின்றனர். 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அந்த விலக்குக்கு முடிவு கட்டியது.